தொலைவில் இருப்பவருக்கு ஒரு விளி

குறிகளின் கதை – 9

1950களின் நடுவிலிருந்து காஞ்சிபுரத்து வார இதழ் ஒன்றில் ஒரு கடிதம் தொடர்ந்து வெளியானது. இதழின் பெயர் 'திராவிட நாடு'. எழுதியவர் சி.என்.அண்ணாதுரை. வரலாறு, இலக்கியம், சட்டமன்றம், விலைவாசி என்று எதைப் பற்றிய கடிதமானாலும் தொடக்கம் ஒரே சொல்தான்: தம்பி! அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோடு, அதன் அடியில் ஒரு புள்ளி.

சென்ற வாரம் அரைப்புள்ளியோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் இந்தக் கோடும் புள்ளியும். வியப்பு, மகிழ்ச்சி, துன்பம், கோபம் வந்தால் இதைப் போட வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். "தம்பி!" என்பதில் இவற்றில் எது இருக்கிறது? எதுவும் இல்லை. அது அழைப்பு. எதிரில் இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லித் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல்.

அண்ணா 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 'திராவிட நாடு' இதழை 1942இல் அதே ஊரில்தான் தொடங்கினார். இயக்க இதழ்களை அந்தக் காலத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தவர்களைவிடக் கூடி உட்கார்ந்து கேட்டவர்கள் அதிகம். படிப்பகத்திலும் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்து தெரியாதவர்களும் சுற்றி நின்று கேட்பார்கள். படிக்கிறவர் "தம்பி" என்பதைத் தட்டையாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓட முடியாதபடி அந்தக் குறி அவரை ஒரு நொடி நிறுத்தும், குரலை ஏற்றச் சொல்லும். நீண்ட விளக்கம் ஒன்று முடிந்து கேட்பவர் கவனம் தளரும் இடத்தில் மறுபடியும் ஒரு "தம்பி!" வந்து விழும். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்களைத் தம்பிகளாக்க அந்த உறவுச்சொல்லே போதும் என்று நமக்குத் தோன்றலாம். மேடையில் போதும். அச்சில், குரலைத் தாங்குவதற்கு அதன் பக்கத்தில் இன்னொன்றும் தேவைப்பட்டது.

அதே ஊரிலிருந்து இன்று கிளம்புகிற எழுத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. கூடத்தில் குழித்தறி. அப்பா கோர்வைப் புடவை நெய்கிறார். கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக நாடா ஓட வேண்டும் என்பதால் பக்கத்தில் கைகொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையில் அம்மா. பி.காம். முடித்த மகள் சுவரோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் வராது, வருகிறவர்களும் எழுதுவது ஆங்கிலத்தில்தான். அரக்கு உடலுக்கு எம்.எஸ். புளூ கரை எடுக்குமா, முந்தியில் மயில் வேண்டாம் அன்னம் போட முடியுமா, ரவிக்கைத் துணி சேர்ந்தே வருமா என்று கேட்டபடி இருப்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறாள். கடைசியாக அனுப்பியதை எனக்குக் காட்டினாள். "ஹாய் மேம்! யுவர் சாரி இஸ் ஆன் தி லூம் நவ்! வில் சென்ட் போட்டோ டுமாரோ." இரண்டு வரிக்குள் இரண்டு குறிகள்.

"தறியில ஏத்தியாச்சுன்னு ஒரு தகவல்தானேம்மா. இதுக்கு எதுக்கு இந்தக் குறி?" என்றேன்.

"அது இல்லாம படிச்சுப் பாருங்கக்கா. ஏதோ கோச்சுக்கினு சொல்ற மாதிரி இருக்கும்."

படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் இந்தக் கவலை ஏன் வருகிறது என்பதைத்தான் இந்தப் பகுதியில் பிடித்துப் பார்க்க விரும்புகிறேன். இதே பெண் தமிழில் பேசும்போது ஒரு சின்ன ஒப்புதலை எத்தனை விதமாகச் சொல்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாவு கொண்டுவந்தவரிடம் "சரிங்கண்ணா". கூரியர் பையனிடம் "சரிப்பா". ஃபோனில் தோழியிடம் "சரிடி". உள்ளிருந்து கூப்பிட்ட பாட்டியிடம் "சரி ஆயா, வரேன்". சொன்ன செய்தி நான்கு இடத்திலும் ஒன்றே. மரியாதையும் நெருக்கமும் அதன் வாலில் தொற்றிக்கொண்டு போயின. அதற்காக அவள் யோசிக்கவே இல்லை; வாயே பார்த்துக்கொண்டது. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால் நான்குக்கும் ஒரே "ஓகே"தான். ங்க இல்லை, ப்பா இல்லை, டி இல்லை. முகமும் இல்லை, குரலும் இல்லை. இத்தனையும் கழன்று விழுந்த இடத்தில் கையில் மிஞ்சியிருப்பது விசைப்பலகையில் உள்ள ஒரு கோடும் புள்ளியும்.

நம் ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப்பட்ட விதமும் இதில் சேர்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாம் முதன்முதலாக எழுதிய ஆங்கிலக் கடிதம் எது? விடுப்பு விண்ணப்பம். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ அம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடியும். பிறகு வேலைக்கு மனு, வங்கிக்கு மனு, மின்வாரியத்துக்கு மனு. தமிழில் அத்தைக்கும் மாமாவுக்கும் எழுதினோம். ஆங்கிலத்தில் அதிகாரிக்கு எழுதினோம். அந்த ஆங்கிலத்துக்கு அன்பு காட்டும் தேவையே வந்ததில்லை. அதனால் அதற்கான வழியும் நமக்குப் பழக்கமாகவில்லை.

தட்டச்சு நிலையங்களில் ஆங்கிலம் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் இந்தக் குறிக்கென்று தனி விசையே கிடையாது. மேற்கோள் விசையைத் தட்டி, ஓர் இடம் பின்னுக்கு வந்து, அடியில் முற்றுப்புள்ளியைத் தட்ட வேண்டும். ஒரு குறிக்கு மூன்று தட்டு. அலுவலகக் கடிதத்துக்கு அது தேவையும் இல்லை. அப்படிப் பழகிய தலைமுறை இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டி, வாட்ஸ்அப்பிலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒழுங்காக முற்றுப்புள்ளி வைத்து முடிக்கிறது.

அலுவலக எழுத்துக்கும் இந்தக் குறிக்கும் உள்ள தூரத்தை வைத்தே ஒரு கதை எழுதியிருக்கிறார் ரஷ்ய எழுத்தாளர் செகாவ். 1885இல் வந்தது, தலைப்பே 'ஆச்சரியக்குறி'. நாற்பது ஆண்டு அரசாங்கப் பணியில் இருந்த பெரெக்ளாதின் என்ற குமாஸ்தா, தான் எழுதிக் குவித்த காகிதங்களில் எங்குமே இந்தக் குறியைப் போட்டதில்லை என்று ஒரு கிறிஸ்துமஸ் இரவில் திடுக்கிட்டு உணர்கிறார். படித்த மனைவியை எழுப்பி, அதை எங்கே போடுவார்கள் என்று கேட்கிறார். அவள் இலக்கணத்திலிருந்து ஒப்பிக்கும் பட்டியலில் மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் முன்னால் வருவது, ஒருவரை விளித்துப் பேசும் இடம். நாற்பது ஆண்டு எழுதியும் அவர் யாரையும் அப்படி அழைத்ததில்லை; அழைக்கத் தோன்றியதும் இல்லை. கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வெறுமைதான்.

ரஷ்யர்கள் இன்றும் கடிதத்தில் பெயரை எழுதி ஆச்சரியக்குறி போட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள். ஜெர்மானியர்களும் சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அப்படித்தான் எழுதினார்கள். இப்போது அந்த இடத்துக்குக் காற்புள்ளி வந்துவிட்டது. ஆங்கிலம் பெயருக்குப் பின் காற்புள்ளி போடும் வழக்கத்திலேயே வளர்ந்தது. 1926இல் வந்த ஃபௌலரின் ஆங்கில நடைக் கையேடு, இந்தக் குறியை அள்ளித் தெளிப்பது எழுதிப் பழகாதவரின் அடையாளம் என்ற கருத்தில் கண்டித்தது. நாம் இந்த விஷயத்தில் ரஷ்யர்களின் பக்கம். "அன்புள்ள அம்மா!", "நண்பர்களே!", "தலைவர் அவர்களே! தாய்மார்களே!" என்று கடிதத்திலும் துண்டறிக்கையிலும் போட்டுப் போட்டு, நம் கண்ணுக்கு இது விளியின் குறியாகவே பதிந்திருக்கிறது.

இப்படிப் பதிந்ததற்குப் பின்னால், இந்தக் குறிக்கும் அச்சுக்கும் மிகவும் மூத்த ஒரு நுட்பம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனி இயலே உண்டு. ஒருவரைக் கூப்பிடும்போது பெயர் எப்படியெல்லாம் மாறும் என்பதுதான் அதன் பொருள். நம்பி என்பவரைக் கூப்பிட்டால் நம்பீ. கடைசி எழுத்து நீள்கிறது. இதைப் பல மொழிகளின் இலக்கணமும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடும். தொல்காப்பியர் அதற்கு மேல் ஒன்றைக் கவனித்திருக்கிறார்: தூரம். பக்கத்தில் நிற்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவே நிற்கலாம். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது தன் அளவையும் மீறி நீளும். அண்மை விளி, சேய்மை விளி என்று பிற்கால இலக்கணக்காரர்கள் பெயர் வைத்தார்கள். எதிரில் நிற்கும் தம்பி வெறும் தம்பி. வயலுக்கு அந்தப் பக்கம் போகிறவன் தம்பீஈஈ.

கைப்பேசியில் வரும் எந்தச் செய்தியும் சேய்மை விளிதான். அடுத்த அறையில் இருப்பவருக்கு அனுப்பினாலும் குரல் போகாது, எழுத்துதான் போகும். தமிழ்ப் பிள்ளைகள் இதை இலக்கணம் படிக்காமலேயே கண்டுகொண்டார்கள். ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டும்போது 'அக்கா'வின் கடைசி எழுத்தை ஐந்தாறு முறை அழுத்துகிறார்கள். 'சரி' என்பதற்கு நான்கு 'ஐ' போடுகிறார்கள். அளபெடை என்று அதற்குப் பெயர் இருப்பது தெரியாமல் இருக்கலாம். செய்வது அதைத்தான். ஆங்கிலத்தில் சொல்லை அப்படி இழுத்தால் வாடிக்கையாளருக்கு விளையாட்டுத்தனமாகத் தெரியும். மரியாதை கெடாமல் அந்த நீட்டலைச் சுமக்க அங்கே கிடைப்பது ஆச்சரியக்குறி. பிள்ளையார்பாளையத்துப் பெண் "ஹாய் மேம்!" என்று எழுதும்போது அவளுக்கு எந்தப் பரபரப்பும் இல்லை. டொரன்டோ வரை கேட்க வேண்டும் என்பதற்காக 'மேம்' என்பதை நீட்டிக் கூப்பிடுகிறாள்.

இதை மேல்நாட்டு ஆய்வுகளும் வேறு வழியாக வந்து தொட்டிருக்கின்றன. 2006இல் கரோல் வாசெலெஸ்கி என்பவர் தொழில்சார்ந்த மின்னஞ்சல் உரையாடல்களில் 200 ஆச்சரியக்குறி இடங்களை எடுத்து ஒவ்வொன்றும் எதற்காகப் போடப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார். அதுவரை இந்தக் குறியைப் பெண்களின் உணர்ச்சிவசத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அவர் கண்டது வேறு: உணர்ச்சிக் கொந்தளிப்புக்காகப் போட்டவை குறைவு, நட்பாகப் பேசுவதற்கும் தகவலை அழுத்திச் சொல்வதற்கும் போட்டவையே அதிகம். அந்த 200இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் பெண்கள் எழுதியிருந்தார்கள். 2015இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் குழுவினர் 126 மாணவர்களிடம் சில குறுஞ்செய்திகளைக் காட்டினார்கள். ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால் அதை மனதார வந்த பதிலாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது புள்ளி இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை. கையெழுத்தில் ஆள் இருக்கிறார், திரையில் இல்லை.

காஞ்சிபுரத்தில் இதற்கு நேர் உதாரணம் கிடைத்தது. பெங்களூரிலிருந்து ஓர் அம்மா. நிறம், கரை, விலை எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் அனுப்பியது: "ஓகே." புள்ளியோடு. இந்தப் பெண்ணுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டோமோ, கோபித்துக்கொண்டாரோ என்று அப்பாவிடம் புலம்பியிருக்கிறாள். சில நாளில் முன்பணம் வந்துவிட்டது. பேசிப் பார்த்ததில் அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று எத்தனையோ ஆண்டு சொல்லிக் கொடுத்தவர். அவர் புள்ளியில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. வயது முதிர்ந்தவர்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியில் முற்றுப்புள்ளியைப் பார்த்து மனம் நோகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் புள்ளி உங்களை நோக்கி வைத்தது அல்ல, வாக்கியத்துக்கு வைத்தது. அதேபோல, இளையவர்கள் போடும் குறியைப் பார்த்து, "எதற்கெடுத்தாலும் கத்துகிறார்கள்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் அதை "சரிங்கம்மா"வில் உள்ள 'ங்கம்மா'வாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. முன்பின் தெரியாத ஆண்களுக்கு எழுதும்போது அவள் இந்தக் குறியைப் போடுவதில்லை. "குட் மார்னிங் சார்." புள்ளி. "பேமென்ட் ரிசீவ்டு சார்." புள்ளி. ஒருமுறை நன்றி சொல்லி ஒரு குறி போட்டதற்கு, புடவைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு இரவு பதினோரு மணிக்கு வந்திருக்கிறது. "அப்பலேர்ந்து சார்னு போட்டா போதும்னு வெச்சுக்கினேன்கா" என்றாள். கடைத்தெருவில் ஓர் ஆண் வியாபாரி "வாங்க வாங்க, உட்காருங்க" என்று வாய்நிறையக் கூப்பிட்டால் அது தொழில். அதே வரவேற்பை ஒரு பெண் எழுத்தில் காட்டினால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு குறியில் இல்லை, எழுதியவளிடமும் இல்லை. ஆனால் தன் தொழிலுக்கு வேண்டிய கனிவை அளந்து அளந்து செலவழிக்க வேண்டிய பாரம் அவள் தலையில்தான் விழுகிறது. பட்டு விற்கிற எத்தனையோ பெண்கள் இன்று இந்தக் கணக்கைத் தினமும் போடுகிறார்கள். வாங்குகிற ஆண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதற்கு அவளே ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறாள். பேரில் ஒன்று, நன்றியில் ஒன்று. விலை சொல்லும் வரியில் கிடையாது. தள்ளுபடி விளம்பரம் மாதிரி ஆகிவிடும், பேரத்துக்கு இடம் கொடுத்த மாதிரியும் இருக்கும் என்கிறாள். வங்கிக் கணக்கு எண் அனுப்பும் வரியில் கிடையாது. மோசடிக்காரர்கள் அனுப்பும் ஆங்கிலத்தில் இந்தக் குறி கொத்துக் கொத்தாக வருவதால் வாடிக்கையாளர் பயப்படுவார். ஒன்றுக்கு மேல் அடுக்குவதும் இல்லை. நான் இதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். அழைப்புக்கு ஒன்று போதும். மூன்று போட்டால் கூப்பிடுவதை விட்டுவிட்டு அதட்டுவதாகிவிடும்.

அவள் மிகவும் கறாராக இருப்பது தாமதத்தைச் சொல்லும் செய்தியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறும். ஈரத்தில் இழை இறுகும், பாவு நீட்டத் தெருவில் வெயில் இருக்காது. முகூர்த்தத்துக்குச் சொன்ன புடவை தள்ளிப்போகும். ஒரு முறை அவள் தம்பி அவசரத்தில், "சாரி ஃபார் தி டிலே!" என்று அனுப்பிவிட்டான். கல்யாணப் பெண்ணின் அம்மா அழுதபடி ஃபோன் செய்தாராம்: எங்கள் வீட்டுக் கல்யாணம் உங்களுக்கு விளையாட்டா? கனிவுக்கென்று பழகிவிட்ட குறி, துக்கம் சொல்லும் இடத்தில் சிரித்த முகமாக மாறிவிடுகிறது. இப்போதெல்லாம் அந்த மாதிரிச் செய்தியை அவள் எழுதுவதே இல்லை. இந்தி, ஆங்கிலம் எது வருமோ அதில், தட்டுத்தடுமாறியாவது, கூப்பிட்டுப் பேசிவிடுகிறாள். பேசி முடித்த பிறகு புதிய தேதியை மட்டும் எழுத்தில் அனுப்புகிறாள். அதில் பேரும் உண்டு, மேமும் உண்டு. குறி எதுவும் இல்லை.

அடுத்த வாரம், அண்ணாவின் அதே கடிதங்களில் "தம்பி!"க்கு அடுத்தபடியாகக் கண்ணில் படும் மூன்று புள்ளிகள்.

(தொடரும்)